சாலைச் சந்தைக்குப் போன பஸ்

டூர் பஸ்ஸில் வேலை என்றால் ஊர் ஊராகப் பார்க்கலாம் என்று நினைப்பார்கள். நான் பார்த்ததெல்லாம் தலைகள்தான். இறங்கும்போது எண்ண வேண்டும், ஏறும்போது எண்ண வேண்டும், கோயிலிலிருந்து வரும்போது, ஓட்டலிலிருந்து வரும்போது, ஒருவர் கடலை வாங்க இறங்கி ஏறினாலும் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். கல்யாணக் கூட்டத்தையோ பள்ளிப் பிள்ளைகளையோ ஒரு நாளாவது பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனவர்கள் உங்களில் இருப்பார்கள். அந்தப் பயம் அவர்களுக்குத் தெரியும். ஏறியவர் அத்தனை பேரையும் திரும்பக் கொண்டுவந்து இறக்க வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

பேசாத கிளி

திருவனந்தபுரத்தில் பஸ் கதவருகே நிற்கும் ஆளுக்குக் கிளி என்று பெயர். கதவைத் திறப்பது, பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்துச் சொல்வது, பைகளை அடுக்குவது, வாந்தி வருகிறவர்களுக்கு உறை கொடுப்பது எல்லாம் கிளியின் வேலை. என் பெயர் சுப்பையா, வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து வந்தவன். படிப்பு அதிகம் இல்லை. பேச்சு அதைவிடக் குறைவு. எண்ணிக்கை மட்டும் தவறாது. அதனால் வேலை நிலைத்தது.

எங்கள் பஸ்ஸில் மைக் பிடித்து ஆட்டம் நடத்த ஒரு தம்பி இருந்தான். பாட்டுக்குப் பாட்டு, நடித்துக் காட்டிப் படப்பெயர் கண்டுபிடிப்பது, கண்ணைக் கட்டி ஆளைத் தொட்டுச் சொல்வது என்று நாகர்கோவில் வருவதற்குள் பஸ்ஸே குலுங்கும். அவனுக்குக் கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை கிடைத்துப் போய்விட்டான். முதலாளி மைக்கை என் கையில் கொடுத்தார். என்னால் ஆகாது, வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். முதலாளி என் தோளில் தட்டிச் சொன்னார்: "நீ சும்மா பிடிச்சுக்கோ அண்ணாச்சி, ஒரு பஸ் ஆளு முன்னால மைக்கு சும்மா இருக்காது. யாராவது பிடுங்கிப் பேசிக்கிடுவாங்க."

கல்லாற்றில் கற்ற ஆட்டம்

முதலாளி சொன்னதுதான் நடந்தது. கழக்கூட்டத்துக் கம்பெனிப் பிள்ளைகளைப் பொன்முடிக்குக் கூட்டிப்போனோம். ஏறியதிலிருந்து ஆளுக்கொரு போன், காதில் ஆளுக்கொரு குமிழ். நான் மைக்கை மடியில் வைத்துக்கொண்டு, யாரும் என்னைப் பார்த்துவிடக் கூடாதே என்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். மலையடிவாரத்துக் கல்லாற்றில் மழை பிடித்துக்கொண்டது. மேலே ரோட்டில் மரம் விழுந்திருக்கிறது என்று வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். போனில் சிக்னலும் போய்விட்டது. ஆறு மட்டும் பக்கத்தில் இரைந்துகொண்டிருந்தது.

கடைசி சீட்டிலிருந்த ஒரு பெண் எழுந்து வந்து மைக்கைக் கேட்டு வாங்கினாள். ஆட்டம் இதுதான்: முதல் ஆள் "சந்தைக்குப் போனேன், தக்காளி வாங்கினேன்" என்று சொல்ல வேண்டும். அடுத்தவர் தக்காளியையும் சொல்லித் தன்னுடைய ஒரு சாமானையும் சேர்க்க வேண்டும். மூன்றாமவர் மூன்று. இப்படியே போனால் கடைசி ஆள் பஸ்ஸிலுள்ள அத்தனை பேர் வாங்கியதையும் வரிசையாகச் சொல்ல வேண்டும். அந்தப் பெண்தான் கடைசி. நாற்பத்திரண்டு சாமான்களையும் ஒன்று விடாமல், ஒன்று மாறாமல், ஒவ்வொரு சீட்டாகப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நான் விரல் மடக்கி எண்ணிப் பார்த்தேன்; சரியாக நாற்பத்திரண்டு. எப்படியம்மா என்று என் கூச்சத்தையும் மறந்து கேட்டுவிட்டேன். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "சாமானை ஞாபகம் வைக்கண்டா அங்கிள். ஆளோட முகத்தைப் பார்த்தா போதும், சாமான் தானே வரும்."

விரல் நீட்டப்படாது

அடுத்த பயணம் திருவனந்தபுரத்து ஸ்ரீவராகம் தெருக்காரர்களுடையது. கும்பகோணத்துப் பக்கம் நவக்கிரகக் கோயில்கள். முப்பத்தெட்டுப் பேர், பாதிக்கு மேல் வயதானவர்கள். ஏற்பாடு செய்தவர் கோமதி மாமி. மாமியோடு அவருடைய அண்ணா வேம்பு மாமாவும் வந்தார். ஒல்லியான, எப்போதும் சிரித்த முகமான மனிதர். அவரைக் கொண்டுவந்து ஏற்றிய மகன் என்னைத் தனியாக அழைத்தான். "அப்பாவுக்கு ஞாபகம் விட்டுப் போயிடுத்து, அண்ணாச்சி. எதைக் கேட்டாலும் 'ஆமாம்'னு சிரிப்பார். தனியா விட்டா எந்த வழி போறோம்னு தெரியாது. எனக்கு லீவு கிடைக்கலை. அத்தைதான் பிடிவாதமா கூட்டிண்டு போறா. உங்களை நம்பித்தான் அப்பாவை ஏல்பிக்கறேன்" என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். போன் நம்பர் எழுதிய அட்டை ஒன்றை அப்பாவின் சட்டைப் பையில் வைத்துக் குத்தூசியும் போட்டான். நான் மாமாவைக் கதவுக்கு அடுத்த சீட்டில், என் கைக்கு எட்டும் தூரத்தில் உட்கார வைத்தேன்.

பஸ் புறப்படுமுன் வழக்கம்போல முன்னே நின்று விரலை நீட்டி, ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினேன். கோமதி மாமி பதறி எழுந்தார். மனிதர்களை விரல் நீட்டி எண்ணினால் ஆகாது, எண்ணிக்கையில் ஒன்று குறைந்துபோகும் என்பது அவர்கள் வீட்டு வழக்கமாம். கண்ணாலேயே எண்ணுகிறேன் என்றேன். அதுவும் கூடாதாம். எண்ணாமல் நான் எப்படி வண்டியை எடுக்கச் சொல்வது? டிரைவர் சசி திரும்பி, "ஆள் எல்லாம் கேறியோ அண்ணாச்சி?" என்று கேட்கிறான். நான் மாமியைப் பார்க்கிறேன். மாமி இடுப்பில் கைவைத்துக்கொண்டு சொன்னார்: "நாங்க என்ன தேங்காயா சுப்பையா, எண்ணிப் போட? எங்களையே வாயால சொல்லச் சொல்லுங்கோ, கேட்டுக்கோங்கோ!"

ஒரு பஸ் நிறைய சாமான்

அப்போதுதான் எனக்குக் கல்லாறு நினைவுக்கு வந்தது. மைக்கை வாய்க்கு அருகே கொண்டுபோய் ஆட்டத்தைச் சொல்லி முடிப்பதற்குள் பனியன் நனைந்துவிட்டது. மாமி சந்தையைச் சாலைச் சந்தை ஆக்கினார்; திருவனந்தபுரத்துச் சாலை பஜாரை அறியாத ஸ்ரீவராகத்துக்காரர் உண்டா? "முழுசும் சொல்லச் சொன்னா கும்பகோணமே வந்துடும். முன்னாடி இருக்கறவா வாங்கினதையும் நம்ம வாங்கினதையும் சொன்னாப் போறும்" என்று சட்டத்தையும் மாற்றினார். டிரைவருக்குப் பின்னால் இருந்த மாமியில் தொடங்கி அந்தப் பக்கமாகக் கடைசி வரை போய், கதவுப் பக்கமாகத் திரும்பி முன்னே வர வேண்டும். மாமி வாழைக்காய் வாங்கினார். பிறகு சேனை, தடியங்காய் என்கிற சாம்பல்பூசணி, முருங்கைக்காய், கருப்பட்டி. ஒரு மாமா குடை வாங்கினார். சந்தையில் குடையா என்று சண்டை வந்தது. பாறசாலை தாண்டுவதற்குள் ஒரே தெருவில் இருந்தும் பெயர் தெரியாதவர்கள், "சேனை மாமி, அந்தத் தண்ணி பாட்டிலை இப்படிக் கொடுங்கோ" என்று பேசத் தொடங்கிவிட்டார்கள்.

முப்பத்தேழாவதாகச் சரஸா டீச்சர் புளி வாங்கினார். அடுத்தது வேம்பு மாமா. மாமா சிரித்துக்கொண்டிருந்தார். "அண்ணாவை விட்டுடுங்கோ, அவருக்குச் சொல்லத் தெரியாது" என்று மாமி மெதுவாகச் சொன்னார். "புளி" என்றார் மாமா. எல்லோரும் திரும்பினோம். "புளி வாங்கினா. நான் பப்படம் வாங்கினேன்." ஸ்டியரிங்கிலிருந்து சசி கேட்டான், "பப்படம் சுட்டதோ, பொரிச்சதோ மாமா?" மாமா, "ஆமாம்" என்றார். பஸ் முழுக்கச் சிரிப்பு. முப்பத்தெட்டு ஆயிற்று என்று நான் மைக்கை வைக்கப் போனேன். மாமா என் கையைத் தொட்டார். அடுத்தது நான்தானாம். என்னை யாரும் எண்ணியதில்லை, நானும் எண்ணிக்கொண்டதில்லை. வாய்க்கு வந்தபடி மிளகாய் என்றேன். மாமா தலையாட்டினார். மாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அண்ணா தானா ஒரு வார்த்தை சொல்லிக் கேட்டு எத்தனை மாசமாச்சு தெரியுமா, சுப்பையா?"

துண்டுக்கு அடியில்

அன்று காலை முழுக்க அதே ஆட்டம்தான். சுசீந்திரம் கோயிலுக்குப் போய்விட்டு ஏறியதும் ஒரு சுற்று. நாங்குநேரியில் காபிக்குப் பிறகு ஒரு சுற்று. புளி என்றால் பப்படம், பப்படம் என்றால் மிளகாய். ஒரு தடவையும் மாமாவுக்குத் தவறவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சுசீந்திரத்தில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் சாமி பார்க்க வேண்டும். வெயிலுக்கு அதுவே சௌகரியம் என்று எங்கள் மாமாக்கள் பலர் அப்புறம் சட்டையே போடவில்லை. வெள்ளை வேட்டி, தோளில் வெள்ளைத் துண்டு. வேம்பு மாமாவின் சட்டையும் குத்தூசி போட்ட அட்டையோடு பைக்குள் போய்விட்டது.

கோவில்பட்டி தாண்டிச் சாப்பாட்டுக்கு நிறுத்தினோம். பெரிய ஓட்டல், வாசலில் எங்கள் பக்கத்து டூர் பஸ்கள் பல நின்றன. முன்பெல்லாம் கேரளத்து டூர் பஸ் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோலத்தில் இருக்கும், ஒரு பர்லாங்கு தூரத்திலேயே தெரியும். இப்போது சட்டப்படி எல்லாம் ஒரே வெள்ளை. சாப்பிட்டு வந்தவர்களைக் கதவடியில் நின்று, மாமிக்குத் தெரியாமல் மனத்துக்குள் எண்ணினேன். வேம்பு மாமா எனக்கு முன்பே ஏறித் தன் சீட்டில் துண்டால் முகத்தை மூடித் தூங்கிக்கொண்டிருந்தார். அவரையும் சேர்த்து முப்பத்தெட்டு. ரைட் சொன்னேன். கொஞ்ச தூரம் போனதும் மாமி, "உண்ட மயக்கத்துல யாரும் தூங்கப்படாது. வாழைக்காய்!" என்று தொடங்கினார். ஆட்டம் கடைசி சீட்டைச் சுற்றி முன்னால் வந்தது. சரஸா டீச்சர், "புளி" என்றார். பதில் இல்லை. "புளி, மாமா, புளி!" என்று பின்னாலிருந்து பத்துக் குரல். நான் துண்டை மெல்ல விலக்கினேன். மீசை வைத்த யாரோ ஒரு மனிதர். தன்னைச் சுற்றி ஒரு பஸ்ஸே புளி, புளி என்று கத்துவதைக் கண்டு, எந்தக் கடையிலோ திருட்டுப் பழியோடு பிடிபட்டவர்போலக் கைகளை உயர்த்திக்கொண்டு அலறினார்: "அய்யோ, ஞான் ஒண்ணும் வாங்ஙிச்சில்லே!"

எண்ணிக்கை சரி

அவர் பெயர் பாஸ்கரன். நெய்யாற்றின்கரைப் பக்கம். பழனிக்குப் போகும் பஸ்ஸில் தனியாக வந்தவர். சாப்பிட்டுவிட்டு வெள்ளை பஸ் ஒன்றில் ஏறித் தூங்கிவிட்டார். அப்படியானால் மாமா? ஓட்டலில் இல்லை என்று அங்கிருந்த காவலாளி போனில் சொன்னார். எல்லா பஸ்களும் போய்விட்டன, வாசல் காலி. பழனி பஸ்ஸில்தான் ஏறியிருக்க வேண்டும். அது எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. மதுரை தாண்டினால் அவர்கள் வழி வேறு, எங்கள் வழி வேறு. கோமதி மாமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு முன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கைகளில் மாமாவின் மகனுடைய இரண்டு கைகளும் இன்னும் இருப்பதுபோலத் தோன்றியது.

சசி வண்டியை விரட்டினான். பாஸ்கரன் தன் பஸ்ஸின் தலைவருக்குப் போன் செய்தார். அவரும் என்னைப்போல ஒரு கணக்கப்பிள்ளைதான். எங்கள் ஆட்கள் முழுசாக இருக்கிறார்கள், எண்ணித்தான் எடுத்தோம் என்றார். போட்டோ அனுப்பலாம் என்றால் அவருடையது பட்டன் போன். பல இடங்களிலிருந்து விடியலில் ஏற்றிய ஆட்கள். முகம் பார்த்து அடையாளம் சொல்ல அவருக்குத் தெரியாது. நாங்கள் கெஞ்சவே, எழுந்து போய், "பாஸ்கரனாணோ?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார். போனில் எங்களுக்கும் கேட்டது. இல்லை, இல்லை என்று சிலர். பிறகு, எங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு குரல், சிரித்துக்கொண்டே, "ஆமாம்" என்றது. மாமி, "அண்ணா!" என்று கத்தினார். அதற்குள் தலைவர் போனைக் காதுக்குக் கொண்டுபோய்விட்டார். ஆளே ஒப்புக்கொண்டுவிட்டானே என்ற தைரியத்தில் பாஸ்கரனிடம் அவர் கோபமாகக் கேட்டார்: "பாஸ்கரன் இவிடெ உண்டல்லோ, அயாள்தன்னெ பறஞ்ஞு! அப்போ நீ ஆரா?"

மிளகாய் எங்கே?

போனை வைத்துவிட்டார். மறுபடி அடித்தால் எடுக்கவில்லை. மூன்றாவது தடவை பாஸ்கரன் தன் அம்மா பெயரில் சத்தியம் செய்து, ஸ்பீக்கரைப் போட்டுத் தூக்கிப் பிடித்தால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று அழாக்குறையாகச் சொன்னார். என்ன சொல்வது, யார் பேசுவது? மாமா எங்கே இருக்கிறீர்கள் என்றால் ஆமாம் என்பார். வேம்பு என்று கூப்பிட்டால் அது தன் பெயர் என்பதே அவருக்குத் தெரியாது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நான் மைக்கை எடுத்தேன். "மாமி, வாழைக்காய்" என்றேன்.

மாமிக்குப் புரிந்தது. போனருகே குனிந்து, "வாழைக்காய்" என்றார். "வாழைக்காய், சேனை." "சேனை, தடியங்காய்." போனைக் கைமாற்றிக் கைமாற்றிப் பின்னால் கொண்டுபோனார்கள். அந்தப் பக்கத்தில் தலைவர் "இது எந்து பிராந்து?" என்று எங்களைப் பைத்தியமாக்கி முணுமுணுப்பது கேட்டது. யாரும் நிறுத்தவில்லை. குடை மாமா குடை சொன்னார். கடைசி சீட்டைச் சுற்றி, கதவுப் பக்கமாக முன்னே வந்தது. கழக்கூட்டத்துப் பெண் முகத்தைப் பார்த்தால் வரும் என்றாள். மாமாவுக்கு அங்கே எங்களில் ஒரு முகமும் இல்லை. சரஸா டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு, "கடுகு வாங்கினா. நான் புளி" என்றார். அத்துடன் நின்றது. முப்பத்தேழு பேரும், நானும், பாஸ்கரனும் போனை நோக்கிச் சாய்ந்தோம். சசி ஹாரனில் வைத்திருந்த கையை எடுத்துவிட்டான்.

"புளி வாங்கினா. நான் பப்படம் வாங்கினேன்."

தெளிவாக, நிதானமாக, பக்கத்து சீட்டிலிருந்து சொல்வதுபோலச் சொன்னார். எத்தனையோ கோபுரங்களின் கீழே நின்றிருக்கிறேன். இப்படி ஒரு கணம் எனக்கு வந்ததில்லை. மாமி அழுகிறார், டீச்சர் அழுகிறார், பாஸ்கரன் யாரென்றே தெரியாத மனிதருக்காகத் துண்டால் கண்ணைத் துடைக்கிறார். அடுத்துச் சொல்ல வேண்டியது நான் என்பது எனக்கு நினைவில்லை. மாமாவுக்கு நினைவிருந்தது. கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, எங்கேயோ ஒரு வெள்ளை பஸ்ஸில், தெரியாத ஆட்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த அவர், கவலையோடு கேட்டார்: "மிளகாய் எங்கே? மிளகாய் வண்டியில ஏறலையா?"

கப்பலூரில் ஒரு மாற்றம்

மதுரைக்கு முன்னால் கப்பலூர் சுங்கச்சாவடி தாண்டி ஓரமாக அந்த பஸ் எங்களுக்காகக் காத்து நின்றது. தலைவர் மாமாவைக் கையைப் பிடித்து இறக்கினார். பாஸ்கரனை நாங்கள் இறக்கினோம். அவருடைய பஸ்ஸிலிருந்த பெண்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, அந்த ஆட்டத்தை இன்னொரு தடவை சொல்லித்தர முடியுமா என்று கேட்டார்கள். மாமா யாரையும் பார்க்கவில்லை. நேராக என்னிடம் வந்து, என் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படியேறினார். நான் பைக்குள்ளிருந்து சட்டையை எடுத்துப் போட்டுவிட்டேன். அவர் மகனுக்குப் போன் செய்து, அப்பா சௌக்கியம், இப்போது காபி குடிக்கிறார் என்று மாமியே சொன்னார். நடந்தது முழுவதையும் ஊருக்கு வந்து மாமாவை எதிரில் வைத்துக்கொண்டுதான் மகனிடம் சொன்னோம்.

பஸ்ஸை எடுக்குமுன் மாமி என்னைக் கூப்பிட்டார். விரல் நீட்டி எண்ணிக்கொள்ளலாம், இந்த ஒரு தடவை பரவாயில்லை என்றார். வேண்டாம் மாமி, வாழைக்காயிலிருந்தே தொடங்குங்கள் என்றேன். சுற்றி வந்து பப்படம் முடிந்ததும் நானே மிளகாய் என்றேன், மைக் இல்லாமல், கடைசி சீட்டுக்குக் கேட்கும்படி. சசி கியரைப் போடாமல் கண்ணாடியில் எங்களைப் பார்த்துச் சொன்னான்: "எல்லாரும் கேறி. அப்போ என்னெ ஆரு எண்ணும், அண்ணாச்சி?"

இப்போது சசிக்கும் சாலைச் சந்தையில் ஒரு கட்டு வெற்றிலை வாங்கிக் கொடுத்து ஆட்டத்தில் சேர்த்துவிட்டோம். இத்தனை காலம் பஸ்ஸில் இரண்டு தலைகளை நான் விட்டுவிட்டே எண்ணி வந்திருக்கிறேன் என்பதைக் கண்டுபிடித்தவர், தன் பெயரையே மறந்துபோன ஒரு மாமா.